அம்மாவுக்கு ரிவர்ஸ் தெரியாது

இப்போது நீங்களெல்லாம் அதிவேகப் பாதையில் ஏறி, போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணி ஆறுவதற்குள் காலியில் போய் இறங்குகிறவர்கள். போன கிழமை நம் கூட்டத்தில் ஒருத்தி, மாத்தறையிலிருந்து வெள்ளவத்தைக்கு வர இரண்டரை மணித்தியாலம் எடுத்துவிட்டதென்று முகத்தைச் சுளித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நிறுத்தமாட்டேன் என்று எனக்கே தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அடங்கவில்லை, அதுதான் எழுதுகிறேன். இந்த வயதில் முழங்கால் நோவைப் பற்றி எழுதாமல் ரோட்டைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. எண்பதுகள் முடிகிற நேரம். வடக்கில் யுத்தம், தெற்கில் இன்னொரு குழப்பம், நடுவில் வெள்ளவத்தையில் நாங்கள். அந்தக் காலத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் ஐடென்டிக் கார்ட் இருக்கிறதா என்று பொக்கற்றைத் தடவிப் பார்த்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்தானே எல்லோரும்.

காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். வீட்டின் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கராஜ், அதற்குள் அப்பாவின் சாம்பல் நிறக் கார். கடற்காற்று அதன் கதவோரங்களை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தது. உள்ளே ஏறி இருந்தால் சூடேறிய றெக்ஸின், பெற்றோல், அப்பாவின் பவுடர் எல்லாம் சேர்ந்து மணக்கும். அப்பா போய் இரண்டு வருடத்துக்குப் பிறகும் அந்த மணம் போகவில்லை. நான் சில நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதற்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சும்மா இருப்பேன்.

அப்பா கொலன்னாவை எண்ணெய்க் குதத்தில் கிளாக்கர். அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று அந்தக் கார், மற்றது ஒரு ரோட் மப், வீதி வரைபடம். துணி ஒட்டி மடித்த பெரிய மப் அது. சிவப்புக் கோடு ஏ வீதி, மஞ்சள் கோடு பி வீதி. எனக்குச் சோறு தீத்தும்போது அவர் கதை சொல்லமாட்டார், கேள்வி கேட்பார்.

"ஏ நாலு எங்கை தொடங்கி எங்கை முடியுது?"

"கொழும்பிலை தொடங்கி மட்டக்களப்பிலை முடியுது."

"எதாலை எல்லாம் போகும்?"

வாயில் சோற்றோடு நான் அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாயா, மொனராகலை, பொத்துவில் என்று ஒப்பிப்பேன். தான் போய் வந்த இடங்களையெல்லாம் மப்பில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். 'இங்கே அப்பம் நல்லது.' 'நாய்கள், கவனம்.' 'ஒற்றைப் பாலம், ஏறுமுன் ஹோர்ன் அடி.' ஒருநாள் கந்தோரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் பிறகு எழும்பவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, மேல்மாடி அறையில் எங்களோடுதான் இருந்தார். கலியாணம் கட்டாதவர். நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கார் ஓட்டுவதைப் பற்றி எல்லாம் தெரியும்.

"காரை விக்கவேணும் அண்ணி. நிண்டு நிண்டு கறள் பிடிக்குது," என்பார்.

"நிக்கட்டும்," என்பார் அம்மா.

"ஆர் ஓடுறது? நான் பழகி ஓடினாலும் என்ரை ஐடென்டிக் கார்ட்டிலை யாழ்ப்பாணம் எண்டு கிடக்குது. ஒவ்வொரு பரியரிலையும் இறக்கி வைச்சிருப்பாங்கள்."

அதில் பிழையில்லை. அந்த வயது ஆம்பிளைகள் நான்கு சந்தி தாண்டுவதற்குள் மூன்று ஆமிச் சோதனைச் சாவடியில் இறங்க வேண்டியிருந்தது. அம்மா அடுத்த மாதம் பாமன்கடையில் தையல் வகுப்பில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். செவ்வாயும் வியாழனும் குடையோடு போவார், வேர்த்து விறுவிறுத்து வருவார். மூன்று மாதமாகியும் வீட்டுக்கு ஒரு தலையணை உறைகூட வரவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை.

அம்மா போனது பாமன்கடையில் ஒரு முஸ்லிம் மாஸ்டரிடம் கார் பழக. ஒருநாள் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டுவிட்டதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார், அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மாஸ்டர் குண்டான மனிதர், மடியில் ஒரு துவாயோடு அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பார்.

"கிளச்சை மெல்ல உடுங்க தங்கச்சி. பயப்பட வாணாம். ரோட்டு எங்கயும் ஓடிப் போகாது."

"ரிவர்ஸ் எப்ப மாஸ்டர்?"

"அது வார கெழமை பாப்பம். மொதல்ல முன்னுக்குப் போகப் படிங்க."

வருகிற கிழமை மாஸ்டர் சவூதிக்குப் போய்விட்டார். விசா திடீரென்று வந்துவிட்டதாம். சோதனை நாளன்று பேய் மழை. ரிவர்ஸ் எடுக்க வைப்பதற்குச் சோதனைக்காரர் காரை விட்டு இறங்கி நின்று பார்க்கவேண்டும். அவர் வெளியே பார்த்தார், தன் சப்பாத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்படித்தான் பின்னுக்கு எடுக்கத் தெரியாமலே எங்கள் அம்மா லைசென்ஸ் உள்ள டிரைவர் ஆனார்.

அதற்குப் பிறகு சித்தப்பா மூன்று நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் என்னிடம், அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார்: "உன்ரை கொம்மா ஓடினால் கார் கிருளப்பனை தாண்டாது."

அவருடைய நையாண்டிக்கு எங்கள் கராஜும் உதவி செய்தது. காரை அதற்குள் முன்பக்கமாகத்தான் விடலாம், வெளியே எடுக்க வேண்டுமானால் பின்னுக்குத்தான் வரவேண்டும். ஆகவே அம்மா வெளிக்கிடும் நாளில் ஒழுங்கையே வேலைக்கு வரும். அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருப்பார். முன்பக்கம் நின்று தள்ளுவது நான், அக்கா, மூலைத் தேத்தண்ணிக்கடை முதலாளி, பக்கத்து வீட்டுப் பறங்கி மிஸ். மிஸ்ஸுக்கு எழுபது வயது, கவுனை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். "லெப்ற், லெப்ற், காணும்," என்று அவர்தான் கட்டளை போடுவார். சித்தப்பா மேல்மாடி ஜன்னலில் நின்று பேப்பருக்கு மேலால் பார்ப்பார். ஒருநாளும் இறங்கி வந்து கை வைத்ததில்லை.

வெளியே போனாலும் அம்மா முன்னுக்கு ஓடி வெளியேறக்கூடிய இடத்தில்தான் நிறுத்துவார். சந்தைக்குப் போனால் சந்தை ஓரிடம், கார் அரை மைல் தள்ளி. மரக்கறிப் பையைச் சுமந்துகொண்டு நடப்பது நான். அம்மாவுக்கு நடப்பது பிடிக்கும் என்று அந்த வயதில் நினைத்தேன்.

அக்கா ஏ.எல். சோதனை முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு நியமனக் கடிதம் வந்தது. ஹப்புத்தளைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. வருகிற திங்கட்கிழமை கந்தோர் மூடுவதற்குள் பண்டாரவளைக் கல்விக் கந்தோரில் நேரில் வந்து ஒப்பமிட வேண்டும், தவறினால் நியமனம் ரத்து. கடிதம் வழியில் பத்து நாள் எங்கோ படுத்துக் கிடந்திருக்கிறது. அந்தக் கிழமை பஸ் ஓடக்கூடாது என்று லைற் போஸ்ற்றுகளில் யாரோ துண்டு ஒட்டியிருந்தார்கள். யார் என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை, பஸ்ஸும் ஓடவில்லை. ரயிலும் இல்லை.

"ஒரு கடிதம் போனால் இன்னொண்டு வரும். போஸ்ற்றிலை எழுதிக் கேப்பம்," என்றார் சித்தப்பா.

அக்கா உள்ளே போய்ச் சேலையை அயர்ன் பண்ணினாள். சனிக்கிழமையும் அதே சேலையை அயர்ன் பண்ணினாள். ஞாயிறு பின்னேரம் மூன்றாம் தரம் அவள் அயர்ன் பெட்டியை எடுத்தபோது அம்மா அதை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பாவின்ரை மப்பை எடு."

திங்கள் விடிய வெளிக்கிட்டோம். தேத்தண்ணிக்கடை முதலாளியும் மிஸ்ஸும் வந்து தள்ளினார்கள். மிஸ் ஒரு பிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்து ஜன்னலால் தந்தார். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்க், அது இப்போது எங்கே போனதோ. மேல்மாடி ஜன்னலில் சித்தப்பா நின்றார். பேப்பர் கையில் இல்லை.

பாமன்கடை தாண்டிக் கிருளப்பனையில் பரியர். ஆமிக்காரன் டோர்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தான். பெண், பெண், சின்னப் பெண். போகச் சொல்லிக் கையைக் காட்டினான். கிருளப்பனை தாண்டியதும் நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தாள். அம்மா ரோட்டை மட்டும் பார்த்தார், ஆனால் உதட்டோரம் அசைந்தது.

முன் சீற்றில் மடியில் மப்போடு நான்தான் வழிகாட்டி. அவிசாவளையிலேயே பிழை விட்டேன். வலது பக்கம் இரத்தினபுரி ரோட்டில் திரும்பச் சொல்லாமல் ஹட்டன் ரோட்டில் விட்டுவிட்டேன். வேறு யாரும் என்றால் ஓரத்தில் நிறுத்தி முன்னே பின்னே எடுத்துத் திருப்பிக்கொண்டு வந்திருப்பார்கள். எங்களுக்கு ஒரு பெற்றோல் ஷெட் தேவைப்பட்டது, ஒரு வாசலால் நுழைந்து மறு வாசலால் வெளியேற. இரண்டு மைல் ஓடினோம், ஷெட்டைக் காணோம். ஐந்தாம் மைலில் ஒன்று வந்தது. பம்புக்காரர் குழாயைத் தூக்கிக்கொண்டு நிற்க, அம்மா தலையை மரியாதையாக ஆட்டிவிட்டு அவரைச் சுற்றி வெளியே வந்துவிட்டார். போக ஐந்து, வர ஐந்து, பத்து மைல் வீண். அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இரத்தினபுரியில் பாணும் வாழைப்பழமும். பலாங்கொடைக்கு வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. வளைவுகள் தொடங்க அக்கா சொப்பிங் பாக்கைத் திறந்து வைத்துக்கொண்டாள். மழை பிடித்தது. கண்ணாடி துடைக்கும் கை ஒன்றுதான் வேலை செய்தது, நல்ல காலம் அது அம்மாவின் பக்கத்துக் கை. சூடான எஞ்சின் மணமும் மழையின் சத்தமுமாக எனக்குக் கண் சொருகியது. இதை நான் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். அப்பா பென்சிலால் எழுதிவைத்த இடம் வந்தபோது வழிகாட்டி நித்திரை.

கண் விழித்தபோது கார் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, கீழே சிவந்த வெள்ளம். ஒற்றைப் பாலம். ஹோர்ன் அடிக்காமல் ஏறி, முக்கால்வாசி வந்துவிட்டிருந்தோம். எங்கள் முகத்துக்கு நேரே ஓர் ஆமி லொறி. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று.

லொறிக்காரன் கையை ஆட்டினான். அம்மா அசையவில்லை. ஒரு சிப்பாய் குதித்து மழைக்குள் ஓடிவந்தான்.

"நோனா, பஸ்ஸட்ட கன்ன."

பின்னுக்கு எடுக்கச் சொல்கிறான். அம்மா கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கினார். அவருடையது கடைச் சிங்களம், கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் போதுமானது.

"மட்ட பே," என்றார். என்னால் முடியாது.

சிப்பாயின் முகம் மாறியது. துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான். ஆமியிடம் முடியாது என்று சொல்கிற தமிழ்ப் பெண்ணை அவன் அதற்கு முன் கண்டிருக்கமாட்டான். அம்மா ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் சேர்த்துச் சொன்னார்: தனக்கு ரிவர்ஸ் தெரியாதாம், மாஸ்டர் சொல்லித் தரவில்லையாம்.

சிப்பாய் போய் ஒருவரைக் கூட்டிவந்தான். இளம் ஒபிசர், முகத்தில் மழை வழிந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அக்கா கடிதத்தை நீட்டினாள். அவர் அதைத் தொப்பிக்குக் கீழே பிடித்து வாசித்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பிரச்சினை இல்லை," என்றார் சிங்களத்தில். "நீங்கள் மூன்று பேரும் இறங்குங்கள். அல்லது பிள்ளைகள் உள்ளே இருக்கட்டும், நீங்கள் மட்டும் இறங்குங்கள். என் டிரைவர் ஏறிப் பின்னுக்கு எடுத்துத் தருவான்."

நல்ல யோசனை என்று நான் நினைத்தேன். நனையாமல் இருக்கலாம். ஆனால் அம்மாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தன.

"இல்லை மாத்தயா. இது பழைய கார். வேறு ஆள் இருந்தால் ஸ்டார்ட் வராது."

பொய். சோக் குமிழை அரை அங்குலம் இழுத்தால் யாருக்கும் ஸ்டார்ட் வரும். அன்றைக்கு அம்மாவின் பிடிவாதத்தை நினைத்து எனக்குக் கோபம். சித்தப்பா சொல்வது சரிதான், இவ்வளவு வீம்பு கூடாது என்றுகூட நினைத்தேன். எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகுதான் அந்தக் கை ஏன் இறுகியது என்று விளங்கியது. பின் சீற்றில் இருபது வயது மகள், முன் சீற்றில் பதினொரு வயது மகள், ஆள் நடமாட்டம் இல்லாத மலை ரோடு. அந்தக் கதவை யாருக்கும் திறப்பதில்லை என்று அம்மா முடிவு செய்துவிட்டார். அந்த ஒபிசர் நல்லவராகவே இருந்தார். ஆனால் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள அந்த நாளில் எந்த அம்மாவுக்கு வழி இருந்தது?

ஒபிசர் அம்மாவைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை, எனக்கு ஒரு பள்ளிக்கூடப் பாடவேளை போல இருந்தது. பிறகு அவர் திரும்பி, கையை உயர்த்தி, ஏதோ கத்தினார்.

கடைசி லொறி முதலில் பின்னுக்குப் போனது. பிறகு நடு லொறி. சிப்பாய்கள் இறங்கி, சேற்றில் நின்று, விசில் ஊதி, தட்டிக் காட்டி, வளைவு தாண்டும்வரை கொண்டுபோனார்கள். எங்களுக்கு நேரே நின்றது கடைசியாக உறுமிக்கொண்டு பின்வாங்கியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எங்கள் ஒழுங்கையில் எழுபது வயது மிஸ் செய்கிற வேலையை அங்கே ஒரு பட்டாளமே செய்துகொண்டிருந்தது. அம்மா முதலாம் கியரைப் போட்டு, அவர்களுக்கு நடுவால், கலியாண வீட்டு ஊர்வலம்போல மெதுவாகப் போனார். ஒபிசரைத் தாண்டும்போது தலையைக் குனிந்து, "ஸ்துதி," என்றார். நன்றி என்று அவருடைய மொழியில்.

ஹல்துமுல்லை, பெரகலை, ஹப்புத்தளை. மேகத்துக்குள்ளால் ஏறினோம். பண்டாரவளைக் கந்தோருக்கு வந்தபோது மூட இன்னும் சில நிமிடம். மழையென்று அதிகாரி நேரத்தோடு ஜீப்பில் ஏறிவிட்டிருந்தார். ஜீப் ஒடுங்கிய வாசலுக்கு வருகிறது, எங்கள் கார் அதே வாசலுக்குள் முகத்தைக் கொடுத்து நிற்கிறது.

பியோன் குடையோடு ஓடிவந்தார், மலைநாட்டுத் தமிழர்.

"அம்மா, ஐயா கிளம்பிட்டாரு. வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க."

"எனக்கு ரிவர்ஸ் தெரியாது," என்றார் அம்மா.

"என்னம்மா சொல்றீங்க? கொழும்புல இருந்து யாரு ஓட்டிட்டு வந்தது?"

"நான்தான்."

பியோன் ஜீப்புக்குப் போய் அதைச் சொன்னார். அதிகாரி இறங்கினார், எங்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கந்தோருக்குள் திரும்பி நடந்தார். அக்கா சேலைக் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அவள் ஒப்பமிட்டு வெளியே வந்தபோது கன்னம் முழுக்க நனைந்திருந்தது, மழை விட்டுவிட்டிருந்தது. அடுத்த திங்கள் பெட்டி படுக்கையோடு வந்து பாடசாலையில் சேரும்படி சொன்னார்களாம். அன்றைக்கு அம்மா வாசலை வேண்டுமென்றே மறித்தாரா என்று பிறகு எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

இரவு பியோனின் வீட்டில் தங்கினோம். அவருடைய மனைவி சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் தந்தார். விறகுப் புகை மணத்த அந்தத் தேத்தண்ணிபோல் நான் பிறகு குடிக்கவில்லை. வரும்போது வந்த வழியால் வரவில்லை. அந்தப் பாலத்தை மறுபடி பார்க்க அம்மாவுக்கு விருப்பமில்லை. வெலிமடை, நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், கிதுல்கலை என்று பெரிய வட்டமடித்து அவிசாவளையில் வந்து சேர்ந்தோம். நான் ஒரு நொடிகூடக் கண் மூடவில்லை. முதல் நாள் எங்களுக்காகக் குழாய் பிடித்து நின்ற பம்புக்காரரிடம் இந்த முறை பெற்றோலும் அடித்தோம். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா கதவைத் திறந்துவிட்டார். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டார்.

அக்கா அந்த மலையிலேயே முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்து, அதிபராக ஓய்வு பெற்றாள். காரைப் பிறகு மருதானையில் ஒருவர் வாங்கி உதிரியாகப் பிரித்தார். மப் ஒரு வீடு மாற்றத்தில் போய்விட்டது. அம்மாவும் போய்விட்டார், ரிவர்ஸ் பழகாமலே. ஆனால் நான் முடிக்க நினைத்தது இதிலல்ல, அடுத்த திங்கள் காலையில்.

அன்று அக்காவின் ட்ரங்குப் பெட்டியைப் பின்னால் ஏற்றினோம். அம்மா போய் ஸ்டியரிங்கில் இருந்தார். நானும் மிஸ்ஸும் முன்பக்கத்தில் கை வைத்தோம். தேத்தண்ணிக்கடை முதலாளியை இன்னும் காணவில்லை. அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சித்தப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஒருவரையும் பார்க்காமல் எனக்கும் மிஸ்ஸுக்கும் நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் பொனற்றில் வைத்தார். கார் அசைந்தது. கராஜை விட்டு வெளியே வந்ததும் மூச்சு வாங்க நிமிர்ந்து, ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

"எதுமட்டும் போறியள் அண்ணி?"

அம்மா சோக்கை இழுத்தார். எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது.

"கிருளப்பனை மட்டுந்தான் தம்பி," என்றார். "இன்னும் கொஞ்சம் தள்ளும்."